நிலவறை வகுப்பில் அமெரிக்கப் பெண்கள்

சரித்திரம் படிப்பிக்கிறவனுடைய பெரிய கஷ்டம், பாடத்தில் வருகிறவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள், வகுப்பில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் நித்திரை என்பதுதான். ஒருவரும் கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்கவைத்துச் சீவிக்கிற எல்லோரும் என் இனசனம்: ஆசிரியர்கள், காப்புறுதி முகவர்கள், கூட்டம் கலையும் நேரத்தில் நன்றியுரை சொல்ல எழும்புகிறவர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எங்கள் வருத்தம் விளங்காது.

2000களின் நடுப்பகுதியில், மொன்ட்ரியால் நகர நடுவில் இருந்த ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்போடு சேர்ந்து வந்தது உதவி விரிவுரையாளர் வேலை. பாடம், 'அமெரிக்க சமூகம்: பெண்கள், தொழில்நுட்பம், அறிவியல்'. செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். பேராசிரியை ஹெலன் விரிவுரை செய்வார். பிறகு நான் மாணவர்களோடு இருந்து அதைப் பற்றிக் கதைக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அதே நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அக்கா வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பிப் படித்த ஒரு ஆம்பிளை, பிரெஞ்சு பேசுகிற நகரத்தில், ஆங்கிலத்தில், அமெரிக்கப் பெண்களின் சரித்திரத்தைப் படிப்பிக்கிறானா என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் அதைத்தான் கேட்டா.

மாப்பிள்ளை பகுதி, பெண் பகுதி

எங்களுக்குக் கிடைத்த அறை பொறியியல் கட்டிடத்தின் நிலவறையில் இருந்தது. பாடத்தின் பெயரில் 'தொழில்நுட்பம்' என்ற சொல்லைக் கண்ட யாரோ அங்கே தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே போகிற சூடாக்கும் குழாய்கள், பசித்த வயிறு மாதிரி இரையும். பொறியியல் மாணவர்கள் பட்டம் எடுப்பதற்குச் சமூகம் சம்பந்தமான பாடம் ஒன்று படித்தே ஆகவேண்டும். அப்படி வந்தவர்கள் வகுப்பில் பாதி. மற்றப் பாதி, பெண்கள் சரித்திரம் படிக்கவென்றே ஆசைப்பட்டு வந்தவர்கள். முதல் நாள் நான் உள்ளே போனபோது, கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியும் பெண் பகுதியும் இருப்பதுபோல இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம். நடுவில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

பக்கத்து நகரமான லவாலிலிருந்து வருகிற மத்தியூ என்ற பெடியன், இயந்திரப் பொறியியல் படிப்பவன், மரியாதையாகக் கையை உயர்த்தி, "இந்தப் பாடத்தில் கணக்கு வருமா?" என்று கேட்டான். எதிர்ப்பக்கத்தில் இருந்தவள் நடேஜ். மொன்ட்ரியால்-நோர் பகுதிக்காரி, பெற்றோர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள். அவள் அவனைத் திரும்பியும் பாராமல், "பெண்கள் வருவார்கள்" என்றாள். மத்தியூவின் காது சிவந்துபோயிற்று.

வகுப்பு முடிந்ததும் நான் ஹெலனிடம் ஓடினேன். அமெரிக்காவில், எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில் பிறந்து, இங்கேயே வேலை பார்த்து நரைத்தவர் அவர். குட்டையாக வெட்டிய தலைமயிர், கையில் எப்போதும் ஒரு கோப்பிப் பிளாஸ்க். இந்த இரண்டு கூட்டமும் ஒட்டாது, வேறு வேறு நேரம் போட்டுப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "பிரிக்காதே, குலா. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமையல்தான். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டு மூடிவிடுவது."

பொத்தான்

அமெரிக்க வீடுகளுக்குள் மின்சாரச் சாமான்கள் வந்த கதையை வகுப்பில் எடுத்த வாரம் அது. வோஷிங் மெசின் வந்ததால் வீட்டுப் பெண்ணின் வேலை குறைந்ததா என்பது கேள்வி. மத்தியூவைப் பொறுத்தவரை அதில் கேள்வியே இல்லை. கையால் தோய்த்தால் கஷ்டம், மெசின் தோய்த்தால் சுகம், கதை முடிந்தது. நடேஜ் நன்றாக வாசித்துக்கொண்டு வந்திருந்தாள். முந்தி எத்தனையோ வீடுகளில் தோய்ப்பதற்கு ஆள் வந்தது, அல்லது உடுப்பு வெளியே போனது. மெசின் வந்ததும் ஆளும் நின்றது, வெளியே அனுப்புவதும் நின்றது. எல்லாம் வீட்டுக்காரியின் தலையில் விழுந்தது என்றாள். அதற்கு மேல், மெசின்தான் இருக்கிறதே என்று ஆளாளுக்குத் தினமும் உடுப்பு மாற்றத் தொடங்கிவிட்டார்களாம். "ஒரு பொத்தானை அழுத்துவதெல்லாம் வேலையா?" என்றான் மத்தியூ. "உன் வீட்டில் அதை அழுத்துவது யார்?" "அம்மா." "அப்படியானால் வருகிற விடுமுறை முழுவதும் நீ அழுத்து."

அவன் உண்மையாகவே செய்தான். அவனிடம் எனக்குப் பிடித்ததே அந்தக் குணம். தோற்றாலும் பரவாயில்லை, சோதித்துப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. விடுமுறை முடிந்து வரும்போது கையில் பெண்கள் போடுகிற சட்டை ஒன்று. வெள்ளைச் சட்டையாக இருந்தது, தம்பியின் சிவப்பு ஹொக்கி ஜேர்சியோடு சேர்ந்து மெசினுக்குள் போய் ரோஜா நிறமாகத் திரும்பியிருந்தது. அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை. அவன் நேரே கரும்பலகைக்குப் போய், தொழிற்சாலை வேலைகளைப் படம் கீறுவதுபோலப் பெட்டி பெட்டியாகக் கீறத் தொடங்கினான். கட்டிலுக்குக் கீழே போய்ச் சொக்ஸ் தேடுவது, பொக்கற்றுக்குள் மூக்குத் துடைத்த ரிசுத்தாள் இருக்கிறதா என்று பார்ப்பது, நிறம் பிரிப்பது, எதை எந்தச் சூட்டில் போடுவது, எதை உலர்த்தியில் போடக்கூடாது, மடிப்பது, யாருடையது எவருடையது என்று அடுக்குவது. பலகையில் இடம் போதவில்லை. கடைசியில் மூலையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்துக்கு முகம் கொடுத்துச் சொன்னான்: "மெசின் செய்வது இந்த ஒரு பெட்டி மட்டும்தான். மிச்சம் முழுவதும் என் அம்மா."

தூசி

ஒரு காலத்தில் அமெரிக்க வானாய்வகங்களில் நிறையப் பெண்கள் வேலை செய்தார்கள். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் அவர்களைப் பெரும்பாலும் விட மாட்டார்கள். ஆண்கள் எடுத்து வைத்த வானத்தின் படங்கள் கண்ணாடித் தகடுகளாக வரும். அவற்றை மேசையில் வைத்து நட்சத்திரங்களை அளப்பது, ஒப்பிடுவது, வகைப்படுத்துவது எல்லாம் பெண்கள். சம்பளம் கொஞ்சம். கட்டுரையில் பெயர் வருவது அரிது. இதை விளங்கப்படுத்த ஹெலன் விரிவுரை எதுவும் செய்யவில்லை. ஒரே வானத்தை வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களைப் போட்டோகொப்பி அடித்து ஆளுக்கொரு சோடி கொடுத்தார். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள். எந்தப் புள்ளி பெருத்தது, எது சிறுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். குழாய் இரைகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பொறியியல் பக்கத்தில் கண்ணைக் கசக்கத் தொடங்கினார்கள்.

அப்போது ஜெனிற்றா எழும்பி வந்தாள். வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம், செயின்ட்-மிஷேலில் வீடு. உயிர் வேதியியல் படிக்க வந்தவள், நேரம் பொருந்தியதால் இந்தப் பாடத்தை எடுத்தவள். மற்றவர்கள் எல்லோரும் என்னைக் குலா என்று கூப்பிட, அவளுக்கு மட்டும் நான் 'சேர்'. அதுவரை வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதில்லை. தாளில் ஒரு புள்ளியைக் காட்டினாள். ஹெலன் கண்ணாடியைக் கழற்றி, தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது போட்டோகொப்பி மெசினில் இருந்த தூசி" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜெனிற்றா சிரிக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் கதிரையில் இருக்கவும் இல்லை.

"அந்தப் பெண்களின் தகடுகளிலும் தூசி இருந்திருக்குமே? எது தூசி, எது நட்சத்திரம் என்று தீர்மானித்தது யார்?" என்று கேட்டாள். "அவர்கள்தான்," என்றார் ஹெலன். "அந்தத் தீர்மானத்தை நம்பித்தானே மற்றவர்கள் கட்டுரை எழுதினார்கள்?" ஹெலன் தலையாட்டினார். கடைசியில் சொல்லுவதற்கென்று அவர் ஒரு நீண்ட முடிவுரை தயாரித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதை ஜெனிற்றா ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்: "அப்படியானால் அவர்கள் உதவியாளர்கள் இல்லை. விஞ்ஞானிகள். பெயரை மட்டும் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள்."

அடிக்குறிப்பு

கட்டுரை ஒப்படைக்கிற நாளில் உலகத்தில் உள்ள கணினிகள் எல்லாம் ஒன்றாகப் பழுதாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஹெலன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கணினி செத்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு மேலதிக நேரம் தருவார், ஆனால் அந்தச் சாவை ஒரு சரித்திரக் கட்டுரையாக எழுதித் தர வேண்டும். யார் செய்த மெசின், யார் விற்றார், யார் திருத்தினார், பழுதானதும் யார்மேல் பழி விழுந்தது. ஒரு பிள்ளை எழுதிக் கொண்டுவந்தது எவ்வளவு அருமையாக இருந்தது என்றால், ஒப்படைக்கவேண்டிய கட்டுரையை விட அதற்குத்தான் கூடப் புள்ளி போடலாம் போலிருந்தது. மடிக்கணினி தங்கையின் கையில் போய், தங்கை அதில் சூப் ஊற்றி, திருத்துகிற கடைக்காரர் அம்மாவிடம் கதைக்காமல் அப்பாவிடம் மட்டும் கதைத்தது வரைக்கும் விபரமாக இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். ஹெலனிடம் காட்டினேன். அவர் ரசித்து ரசித்து வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "முழுப் பொய். ஆனால் அடிக்குறிப்பு எல்லாம் சரியாக இருக்கிறது, நேரத்தைக் கொடுத்துவிடு."

சைக்கிள் டைனமோ

ஜனவரியில் ஒரு நாள், அமெரிக்க நாட்டுப்புறத்தில் வயல் செய்கிற கமக்காரர் வீடுகளுக்கு மின்சாரம் வந்த கதையை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் கட்டிடத்துக்கு மின்சாரம் போய்விட்டது. மூலையில் அவசர விளக்கு ஒன்று மஞ்சளாக முழித்தது. வெளியே மூக்கு உறைகிற குளிர், எழும்பிப் போக ஒருவருக்கும் மனமில்லை. நான் படிப்பிப்பதைப் பார்க்க அன்று ஹெலன் பின்வரிசையில் வந்து இருந்தார். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "குலா, நீ மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறாயா?"

அந்த வகுப்பில் நான் என்னைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை. பாடம் அமெரிக்கா, நான் எதற்கு நடுவில் என்று இருந்துவிட்டேன். அன்று சொன்னேன். யுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி விட்டு எரித்தோம். பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். றேடியோவுக்குப் பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துச் செய்தி கேட்டோம். மாப்பிள்ளை பகுதி, அதுதான் பொறியியல் பக்கம், நித்திரையிலிருந்து எழும்பியது. டைனமோ கொடுப்பது மாறுமின்னோட்டம் ஆயிற்றே, அதை எப்படி நேராக்கினீர்கள்? டயோட் எங்கே கிடைத்தது? கை ஓய்ந்தால் சத்தம் குறையுமா? மத்தியூ கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சுற்றுப்படம் கீறினான். அப்போது நடேஜ் கேட்டாள்: "பெடலைச் சுற்றியது யார்?" அக்கா என்றேன். மேசைகளில் தட்டிச் சிரித்தார்கள். "அப்படியென்றால் செய்தி கேட்டது நீங்கள், மின்சார நிலையம் உங்கள் அக்கா" என்றாள்.

அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவ அப்போது லவாலில் வீடு வாங்கிப் போய்விட்டா. ஒரு வகுப்பே அவவுக்காகப் பரிந்து பேசியதைச் சொன்னேன்.  அவ விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னா: "விசரா, உங்கட செய்திக்கு ஆர் சுத்தினது? செய்தி முடியப் பாட்டுப் போடுவாங்கள், அதுக்குத்தான் கை நோக நோகச் சுத்தினனான். நீங்கள் எல்லாரும் அதுக்கு முதலே எழும்பிப் போயிடுவியள்."

மாத்திரை வாரம்

பெப்ரவரியில் ஜெனிற்றாவின் அப்பா என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உயிர் வேதியியலை விட்டுச் சரித்திரத்துக்கு மாறப் போவதாக மகள் வீட்டில் சொல்லிவிட்டாளாம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தொடங்கினார்.

"தம்பி, நீங்கள் எங்கட ஆள். ஒளிக்காமச் சொல்லுங்கோ. உந்த அமெரிக்காக்காரியளின்ர கதை படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?"

"படிப்பிக்கலாம், அண்ணை. நூலகம் இருக்கு, நூதனசாலை இருக்கு, அரசாங்க வேலைக்கும் போகலாம்."

"நீங்கள் என்ன வேலை?"

"உதவி விரிவுரையாளர். ஏப்ரல் வரைக்கும்."

"பேந்து?"

"பேந்து தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கம் இருந்தது. "அவள் கெட்டிக்காரி, தம்பி. பார்மசிக்கு எடுபடுவாள். நான் இந்தக் குளிருக்குள்ள பஸ் ஓடுறது வேற எதுக்கு?" என்றார்.  வாயில் வந்ததைச் சொன்னேன்: "வாற புதன்கிழமை அவள் வகுப்பில எழும்பிக் கதைக்கப் போறாள். ஒருக்கா வந்து இருந்து பாருங்கோவன்." ஓம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகுதான் புதன்கிழமை என்ன தலைப்பு என்று பார்த்தேன். கருத்தடை மாத்திரையும் அமெரிக்கப் பெண்களும்.

ஜெனிற்றாவிடம் சொன்னபோது அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "சேர், அப்பா ஒரு ஞாயிறும் பூசை விடாத ஆள்." வேண்டுமானால் வேறு வாரத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவள், "வேண்டாம் சேர். மாத்தினா அப்பா பாக்கப்போறது நான் படிக்கிற படிப்பை இல்லை" என்றுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை அவர் வந்தார். கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைப்பு பலகையில் எழுதப்பட்டபோது தொப்பியை ஒருமுறை திருப்பினார், அவ்வளவுதான்.  ஜெனிற்றாவின் முதல் வசனம் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. அவள் மாத்திரையைப் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. விழுங்கினவர்களின் கதையைச் சொன்னாள். ஆரம்பத்தில் அந்த மருந்து எவ்வளவு கடுமையாக இருந்தது, தலையிடி என்றும் கால் வீங்குகிறது என்றும் பெண்கள் சொன்னபோது வைத்தியர்கள் எப்படிச் சிரித்து அனுப்பினார்கள். மருந்து பாதுகாப்பானதா என்று பெரிய இடத்தில் நடந்த விசாரணையில் பேச அழைக்கப்பட்டவர்களில் அதை விழுங்கின பெண்கள் இல்லை. பார்க்க வந்திருந்த இளம்பெண்கள் எழும்பி நின்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் மாத்திரைப் பெட்டிக்குள் ஆபத்துகளைச் சொல்கிற தாள் ஒன்று வைக்க வேண்டும் என்று வந்தது. இதைச் சொல்லிவிட்டுத் தன் பைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்தாள். "இது என் அப்பாவின் பிறஷர் குளிசை" என்று உள்ளே மடித்திருந்த தாளை விரித்துக் காட்டினாள். "மருந்து விழுங்குகிறவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று யாரோ எழும்பிக் கேட்டிருக்கிறார்கள்."

முடிந்ததும் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் வெளியே போய், கோப்பி மெசினுக்கு முன்னால் நின்றார். ஏச்சு வாங்கத் தயாராக நான் பக்கத்தில் போய் நின்றேன். அந்தத் தலைப்பைப் பற்றி அவர் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. வருடம் முடிவதற்குள் ஜெனிற்றா சரித்திரத்துக்கு மாறினாள், மாறுகிற அன்று அவரும் கூட வந்தார். ஆனால் அன்று, கோப்பி மெசினையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளையள் எல்லாம் குனிஞ்சு எழுதினதுகள், தம்பி. எங்கட பிள்ளை சொன்னதை. நான் கண்டனான்."

லவூஸ்

எங்கள் பல்கலைக்கழகத்தில் விடையைப் பிரெஞ்சிலும் எழுதலாம். என் பிரெஞ்சு டெப்பனேரில், அதாவது மூலைக்கடையில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று படித்தது. விலை சொல்லவும் குளிரைத் திட்டவும் லொத்தர் விற்கவும் அது தாராளமாகக் காணும். மத்தியூவின் விடைத்தாளுக்குக் காணவில்லை. அவன் எழுதியிருந்தது: "கணவன் வீட்டுக்கு ஒரு லவூஸ் கொண்டுவந்தான். காலையிலிருந்து அவள் வேலை செய்தாள். அவள் சத்தம் போட்டால் எரிச்சல்பட்டார்கள். களைத்துப்போனதும் வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள்." அகராதியில் பார்த்தால் லவூஸ் என்பது உடுப்புத் தோய்க்கிற பெண். கியூபெக்கில் கடைக்குப் போய் லவூஸ் கேட்டால் வோஷிங் மெசின் தருவார்கள். பிரெஞ்சில் பெண்ணும் 'அவள்'தான், மெசினும் 'அவள்'தான். நானும் முன்னும் பின்னும் வாசித்துத் தலை சுற்றி, ஓரத்தில் 'இங்கே சொல்வது பெண்ணையா, மெசினையா? தெளிவில்லை' என்று சிவப்பில் எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டேன்.

அவன் தாளோடு வந்தான். சண்டை பிடிக்க வரவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய் வந்திருந்தான். பக்கத்தில் இருந்த ஹெலன் தாளை வாங்கி வாசித்தார். அமெரிக்காவில் தட்டச்சு மெசின் புதிதாக வந்த காலத்தில் மெசினுக்கும் அதில் தட்டுகிற பெண்ணுக்கும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள் என்று அவர் முந்திய மாதம் படிப்பித்திருந்தார். பையன் அதைத் தன் மொழிக்குள் கொண்டுபோயிருக்கிறான் என்று எனக்கு மெல்ல மெல்ல வெளித்தது. குறைத்த புள்ளியைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மத்தியூ சொன்னான்: "தெளிவில்லை என்று நீங்கள் எழுதியது சரிதான், குலா. அந்த வீட்டுக்காரருக்கும் தெளிவில்லை. அதுதானே என் கட்டுரை."

வாசலில் நின்றவர்கள்

மார்ச் மாதம் ஒரு கதை அடிபட்டது. ஹெலன் ஓய்வு பெறுகிறார், அவரோடு இந்தப் பாடத்தையும் நிறுத்திவிடப் போகிறார்கள். நிறுத்துவது யார்மேலும் உள்ள கோபத்தில் இல்லை. படிப்பிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஹெலன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடைசி விரிவுரை வரைக்கும் வழக்கம்போல நடத்திக்கொண்டு போனார். நான்தான் வகுப்பில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

துறைக் கூட்டம் நடந்த அன்று நான் மாடிக்குப் போனால், நடைபாதை முழுவதும் எங்கள் வகுப்பு. செப்டெம்பரில் கண்ட இரண்டு பகுதி இப்போது இல்லை. யார் எந்தப் பக்கம் என்று எனக்கே பிரிக்க முடியாதபடி கலந்து நின்றார்கள். ஜெனிற்றா சுவரோடு ஒட்டி நின்றாள், ஆனால் முன்வரிசையில் நின்றாள். துறைத் தலைவர் கதவைத் திறந்து வந்தார். நல்ல மனுசன். பொறியியல் மாணவர்களைக் கண்டு, ஏதோ புள்ளி விவகாரம் என்று நினைத்துவிட்டார். "உங்களுக்குத்தான் பாடம் முடிகிறதே. பட்டத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். பயப்படாதீர்கள்" என்றார். நடேஜ் முன்னால் வந்து, சத்தம் போடாமல் சொன்னாள்: "எங்களுக்கு முடிகிறது. அடுத்த வருடம் வருகிறவர்களிடம் இந்தக் கேள்விகளை யார் கேட்பார்கள்? அதைக் கேட்கத்தான் வந்தோம்." மத்தியூ, "நாங்கள் வேண்டுமானால் காத்திருக்கிறோம்" என்று நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டான். மற்றவர்களும் இருந்தார்கள். தலைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கூட்டம் முடிந்து வந்தபோது பாடம் தப்பியிருந்தது. படிப்பிக்க ஆள் வேண்டுமே? அந்த ஆள் நான் என்றார்கள். பகுதிநேரம், வருடத்துக்கு வருடம். எனக்குச் சந்தோசத்தை விடப் பயம்தான் கூட. ஹெலனின் அறைக்குப் போனேன். அவர் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் எழுதிய விரிவுரைக் குறிப்புகள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. அவற்றைத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோப்பியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்துகொண்டு சொன்னார்: "தர மாட்டேன், குலா. தந்தால் நீ தாளைப் பார்த்துப் படிப்பிப்பாய். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டாய்."

நிரந்தரமில்லாத வேலை, வெயில் படாத அறை, வருடா வருடம் புதிதாகப் பிடிக்கும் பயம் எல்லாம் இருந்தாலும், என்னைவிடக் கெட்டிக்காரர்களுக்கு நானே இருந்து புள்ளி போடுகிற உத்தியோகம் இதை விட்டால் வேறெங்கே கிடைக்கப்போகிறது?